மாநகரின் நடுவே ஒரு குடும்பத்திற்கு உறைவிடம்

வெளிநாடு செல்ல எண்ணுவோர் காணவேண்டிய இடங்களைப் பற்றியே முதலிற் சிந்திக்கின்றனர். தங்கவேண்டிய இடத்தைப் பற்றிய சிந்தனை பின்னரே எழுகின்றது. தனியே செல்லும் இளைஞனுக்கு இதனாற் பெருந்தீங்கு எதுவும் நேர்வதில்லை. படுக்க ஒரு கட்டிலும் பூட்ட ஒரு கதவும் இருந்தால் அவனுக்குப் போதும். கைக்குழந்தையோடு செல்லும் தம்பதிகளும் ஓர் அறைக்குள் அடங்கிவிடுவர். ஆனால், கட்டிளமைப் பருவத்துப் பிள்ளைகளை உடன்கொண்டு செல்லும் குடும்பத்தின் நிலை வேறு. அவர்களுக்கு உறைவிடமே பிரயாணத்தின் பாதி எனலாம்.

இப்பருவத்தினர் குழந்தைகளும் அல்லர், வளர்ந்தோரும் அல்லர். பெற்றோரின் அருகே இருக்கவும் விரும்புவர். அவர்களிடமிருந்து சற்று விலகி இருக்கவும் விரும்புவர். விடுதி நடத்துவோர் இந்த நுட்பத்தை அறியார். அவர்களிடம் உள்ளது வயதுக் கணக்கு மாத்திரமே. குடும்ப அறை என்று அவர்கள் அழைப்பது பெரும்பாலும் வளர்ந்தோர் இருவருக்கும் சிறுவர் இருவருக்கும் என அமைந்தது. சில விடுதிகளிற் சிறுவர் என்ற எல்லை 12 வயதோடு முடிந்துவிடும். வேறு சிலவற்றில் 15 வயதுவரை நீளும். அவ்வெல்லையைத் தாண்டிய பிள்ளை வளர்ந்தோராகவே கணக்கிடப்படுவதால், நால்வருக்கென நினைத்த அறை நால்வருக்கும் கிடையாமற் போகின்றது.

ஓர் உதாரணத்தால் இதனை விளக்கலாம். தாய், தந்தை, 16 வயது மகள், 13 வயது மகன் ஆகிய நால்வர் இலங்கையிலிருந்து ஒரு வாரகாலத்திற்கு லண்டன் மாநகர் செல்கின்றனர் என்று கொள்வோம். அங்கே ஹரோ, வெம்பிளி, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் முதலிய பகுதிகளில் நம்மவர் பலர் வாழ்கின்றனர். உறவினர் வீடு இருக்க, பணங்கொடுத்துத் தங்குவானேன் என்ற கேள்வி இயல்பாகவே எழும். அன்பான வீடும் ஆறாத சோறும் எளிதிற் கிடைப்பன அல்ல. எனினும் இப்பகுதிகள் யாவும் நகரின் நடுவிலிருந்து விலகியவை. நடையும் காத்திருப்பும் சேர, நூதனசாலை வாசலை அடைய ஒரு மணித்தியாலம் செல்லுமாயின், போகவர நாளொன்றுக்கு இரண்டு மணித்தியாலம். ஒரு வாரத்தில் 14 மணித்தியாலம். மேலும், காலையிற் புறப்பட்டால் இரவிலேயே திரும்பவேண்டி இருப்பதால், களைத்த பிள்ளைக்கு நண்பகலில் ஒதுங்க இடமில்லை. அதனாலேயே மாலைப்பொழுதிற் குடும்பத்திற் சச்சரவு மூளுகின்றது. உறவினர் மனம் வருந்தாதிருக்க, முதல் இரண்டு நாட்களையோ கடைசி இரண்டு நாட்களையோ அவர்களோடு கழித்து, எஞ்சிய நாட்களை நகரின் நடுவே கழித்தல் பொருத்தமாகும்.

லண்டன் நகரிற் புகையிரதக் கட்டணத்திற்காக வகுத்த வலயங்களுள் முதலாவதே நகரின் நடுப்பகுதி. அதனுள்ளும் இடத்திற்கு இடம் தன்மை வேறுபடும். புளூம்ஸ்பரி என்னும் பகுதி பிரித்தானிய நூதனசாலையையும் லண்டன் பல்கலைக்கழகத்தையும் சூழ்ந்தது. மரங்கள் நிறைந்த சதுக்கங்களை உடையது. சவுத் கென்சிங்டன் பகுதியில் இயற்கை வரலாறு, விஞ்ஞானம், கலை ஆகியவற்றிற்கான மூன்று பெரும் நூதனசாலைகள் அருகருகே உள்ளன. 1851ஆம் ஆண்டு நடந்த பெருங்கண்காட்சியின் இலாபத்தைக் கொண்டு வாங்கிய நிலத்திலேயே இப்பகுதி வளர்ந்தது. இந்நூதனசாலைகளின் நிரந்தரக் காட்சிகளைக் காணக் கட்டணமில்லை. ஆதலால், அருகே தங்குவோர் ஒரு மணித்தியாலம் பார்த்துவிட்டு வந்து மறுநாளும் செல்லலாம். இவ்விரு பகுதிகளையும் பிக்கடிலி என்னும் நிலக்கீழ்ப் புகையிரதப் பாதை ஹீத்ரோ விமான நிலையத்தோடு நேரே இணைக்கின்றது. பெட்டிகளோடு வண்டி மாறவேண்டியதில்லை என்பது சிறிய வசதியன்று.

பாடிங்டன் பகுதிக்கும் விமான நிலையத்திலிருந்து நேரே புகையிரதம் உண்டு. அங்குள்ள சிறு விடுதிகள் பல, 19ஆம் நூற்றாண்டு வீடுகளை மாற்றி அமைத்தவை. அறைகள் குறுகியவை, படிகள் செங்குத்தானவை, சிலவற்றில் மின்தூக்கியும் இல்லை. நான்காம் மாடியா, நிலத்தின் கீழ்த்தளமா என்று கேட்டறிந்த பின்னரே இணங்குதல் வேண்டும். நாடகக் கொட்டகைகள் நிறைந்த கொவன்ற் கார்டன் பக்கம் பிள்ளைகளின் மனத்தைக் கவரும். ஆனால் நள்ளிரவு தாண்டியும் வீதியில் ஆரவாரம் அடங்காது. அதன் நடுவே உறங்க முயல்வதிலும், புளூம்ஸ்பரியிலிருந்து நடந்துசென்று திரும்புவது மேல்.

இனி, உறைவிடத்தின் வகைகளை நோக்குவோம். முதலாவது ஹோட்டல். நால்வருக்கு இரண்டு அறைகள் தேவைப்படும். அடுத்தடுத்த அறைகள் என்பதும் இணைந்த அறைகள் என்பதும் ஒன்றல்ல. முன்னதிற் சுவர் மாத்திரமே பொது. பின்னதில் இரண்டிற்கும் இடையே உட்கதவு உண்டு. கேட்கவேண்டியது பின்னதையே, கிடைக்குமென எழுத்தில் உறுதியும் பெறல் வேண்டும். பல ஹோட்டல்கள் ஒவ்வோர் அறையிலும் 18 வயது நிரம்பிய ஒருவர் இருக்கவேண்டும் என விதிக்கும். அவ்விடத்துத் தாயும் மகளும் ஓர் அறையில், தந்தையும் மகனும் மற்றோர் அறையில் எனப் பதிவு செய்துகொள்ளலாம். இரட்டைக் கட்டிலா, இரு தனிக் கட்டில்களா என்பதையும் அப்போதே குறிப்பிடுதல் நன்று.

இரண்டாவது, பலர் அறியாத ஒரு வழி. கோடை விடுமுறையில் மாணவர் வீடு திரும்பியதும், லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிகள் பல தம் மாணவர் விடுதிகளைப் பிரயாணிகளுக்கு வாடகைக்கு விடுகின்றன. அலங்காரம் அதிகமில்லை, ஆயின் இடம் நகரின் நடுவே, அறைகள் பெரும்பாலும் ஒருவர்க்கு ஒன்று. சில விடுதிகளில் ஒரு பொதுச் சமையலறையைச் சூழத் தனியறைகள் அமைந்து, எல்லாவற்றிற்கும் ஒரே வெளிக்கதவு இருக்கும். அத்தகைய பகுதி கிடைக்குமாயின் கட்டிளமைப் பருவத்தினர்க்கு அதனினும் ஏற்றது வேறில்லை. 18 வயதிற்குட்பட்டோர் பற்றி ஒவ்வொரு விடுதிக்கும் தனி விதி உண்டாதலின், முன்கூட்டியே விசாரித்தல் அவசியம். பல்கலைக்கழகத்தில் ஓர் இரவேனும் தங்கிய பிள்ளைக்கு, அது எட்டாத உலகம் என்ற எண்ணம் தானே அகலும் என்பதும் இதன் பயனாகும்.

மூன்றாவது, சில நாட்களுக்கு வாடகைக்கு விடும் வீடு. சமையலறை உண்டு, துணி துவைக்கும் இயந்திரமும் பெரும்பாலும் உண்டு, சோறு ஆக்கலாம். தாளிதத்தின் புகைக்கு அபாய மணி அலறும் என்பதை மாத்திரம் மறத்தலாகாது. இங்கே ஏமாற்றமும் எளிது. ஆறு பேர் படுக்கலாம் என விளம்பரம் சொல்லும். இருவருக்குரிய கட்டில் வரவேற்பறைச் சோபாவை விரித்ததாக இருக்கும். அக்காளும் தம்பியும் ஒரு சோபாவைப் பகிரவோ, குடும்பம் உறங்கும்வரை மகன் விழித்திருக்கவோ நேரும். ஆகவே கட்டில்களை எண்ணுவதை விடுத்துக் கதவுகளை எண்ணுதல் வேண்டும். பூட்டக்கூடிய படுக்கையறைகள் எத்தனை, குளியலறைகள் எத்தனை என்பனவே முக்கியம்.

2015ஆம் ஆண்டின் சட்டத்தின்படி, லண்டனில் ஒரு குடியிருப்பு வீட்டைத் தனி அனுமதியின்றி ஓர் ஆண்டில் 90 இரவுகளுக்கு மேல் இவ்வாறு குறுகிய காலத்திற்கு விடுதல் ஆகாது. ஆதலின், முந்திய விருந்தினர் எழுதிய கருத்துகளைப் படித்து, முறையாக நடத்தப்படும் இடத்தையே தெரிதல் வேண்டும். பதிவு நிலையத்திற்கு வெளியே, நேரே வங்கிக் கணக்கிற்குப் பணம் அனுப்புமாறு கேட்பவரை நம்புதல் கூடாது. இலங்கைப் பிரசைகளுக்கு ஐக்கிய இராச்சியம் செல்ல விசா வேண்டியிருப்பதால், விசா கிடையாதுபோனால் இழப்பின்றி நீக்கக்கூடிய பதிவையே செய்துகொள்வது விவேகம்.

உறைவிடத்தைத் தெரியும் நாளிலேயே பிள்ளைகளையும் உடன் இருத்திக்கொள்ளல் நன்று. நகரின் படத்தை விரித்து, புகையிரத நிலையத்திலிருந்து வாசல்வரையான வழியை அவர்களே கண்டுபிடிக்கட்டும். 11 முதல் 15 வயதுவரையான விருந்தினர்க்கு அந்நகரின் பிரயாண அட்டையில் அரைக் கட்டணச் சலுகை பெறலாம். நிலைய உத்தியோகத்தரைக் கேட்டல் வேண்டும். நம் உதாரணத்தில் மகனுக்கு அச்சலுகை உண்டு, மகளுக்கு இல்லை. அவள் வளர்ந்தோர் வரிசையில் நிற்கத் தொடங்கிவிட்டாள்.

வீதியின் முனையில் உள்ள கடைக்குச் சென்று பாணும் பாலும் வாங்கிவரும்படி, இரண்டாம் நாட் காலையிலே பெற்றோர் அவளை அனுப்பலாம். மறுநாள் தம்பியோடு அடுத்த சதுக்கம்வரை சென்றுவர விடலாம். உறைவிடம் நெடுந்தொலைவில் இருந்தால் இது இயலாது. நகரின் நடுவே அதிக வாடகை கொடுத்துப் பெறுவது சொகுசு மாத்திரமன்று. பிள்ளை தனியே சென்று திரும்பத்தக்க தூரமும், திரும்பியதும் சாத்திக்கொள்ள ஒரு கதவும், அக்கதவிற்கு அப்பாற் பெற்றோர் இருக்கின்றனர் என்ற உறுதியும் அவ்வாடகையில் அடங்கும். இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகளில் அப்பிள்ளைகள் தத்தம் வழியே செல்வர். நால்வரும் ஒன்றாகச் செல்லும் கடைசிப் பிரயாணம் அதுவாகவும் இருத்தல் கூடும். ஆகவே அதற்குரிய இடத்தைத் தேடுவதிற் செலவிடும் நேரம் வீணாவதில்லை.