லாகர் பீருக்குக் குளிரும் பொறுமையும் ஏன் தேவை?

ஜார்ஜ்டவுன் – காலையில் தென்னையிலிருந்து இறக்கிய கள் மாலைக்குள் பொங்கிவிடும். மறுநாள் காடியாகத் தொடங்கும். தோட்டத்துப் பெரியவர்கள் அறிந்த இந்த வேகத்திற்குக் காரணம், பானையில் தானாகச் சேரும் ஈஸ்ட்டும் நம் ஊர் வெப்பமும்தான்.

லாகர் பீர் இதற்கு நேர்மாறு. ஜெர்மன் மொழியில் ‘லாகர்’ என்றால் சேமிப்பு. இதற்கான தூய ஈஸ்ட்டை 1883இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் எமில் ஹான்சன் பிரித்தெடுத்தார்.

அந்த ஈஸ்ட் 8 முதல் 13 டிகிரி செல்சியசில் சுமார் இரண்டு வாரம் நொதிக்கும். முடியும் தறுவாயில் இரண்டு மூன்று நாள் 16 டிகிரிக்கு மேல் வைத்தால், வெண்ணெய் வாடையை ஈஸ்ட்டே நீக்கிவிடும். பின்னர் உறைநிலைக்குச் சற்று மேலே நான்கு முதல் ஆறு வாரம் வைத்தால் தெளிந்து, சுவை மென்மையாகும்.

பினாங்கின் பகல் வெப்பமோ 30 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் லாகர் ஈஸ்ட் பழவாடையைக் கிளப்பும். வெப்பக் கட்டுப்பாடுள்ள குளிர்பெட்டி அவசியம். நார்வேயின் ‘குவெய்க்’ ஈஸ்ட் 30 டிகிரிக்கு மேலும் நன்றாக வேலை செய்யும். ஆனால் அது லாகர் ஈஸ்ட் அல்ல.

அவசரம் ஆபத்து. நொதித்து முடியுமுன் போத்தலில் அடைத்தால், வாயு அழுத்தத்தில் போத்தல் வெடிக்கலாம்.

எல்லாவற்றுக்கும் முன் ஒன்று: 1976ஆம் ஆண்டு கலால் சட்டப்படி உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம். முதலில் சுங்கத்துறையிடம் விசாரிப்பதே நல்லது.