ஓட்டப் பயிற்சிக்கு டப்பாப் பொடியா, தோட்டத்து நெல்லியா?

வைகை பிறக்கும் வருசநாட்டு மலையடிவாரத்தில் செடிமுருங்கையும் இலவமும் தென்னையும் சிறு விவசாயிகளுக்கு வருவாய் தரும் பயிர்களாகும். வரத்து மிகுந்த மாதங்களில் முருங்கைக்காய் விலை பறிகூலிக்கும் கட்டாமல் போவது இப்பகுதிக்குப் புதிதல்ல. அப்போதெல்லாம் இலையைப் பொடியாக்கி விற்கலாம் என்ற யோசனை சொல்லப்படுகிறது. நெடுந்தூரம் ஓடுவோரின் உடல் அலுப்பை அந்தப் பொடி நீக்கும், தசைகள் விரைவில் தேறும் என்ற விளம்பரமும் கூடவே வருகிறது. இன்னொரு பக்கம், காவலர் தேர்வுக்காக விடியற்காலையில் ஓடிப் பழகும் விவசாயி வீட்டுப் பிள்ளை, அதே முருங்கையும் நெல்லியும் அடைத்த டப்பாவை நகரத்துக் கடையில் பல மடங்கு விலை கொடுத்து வாங்குகிறான். விளைவிப்பவரும் வாங்குபவரும் ஒரே வீட்டில் இருக்கும்போது, இதில் உண்மை எவ்வளவு என்று பார்ப்பது நல்லது.

உண்ட உணவை மூச்சில் வரும் பிராணவாயுவின் உதவியால் எரித்தே உடம்பு சக்தி பெறுகிறது. நெடுந்தூரம் ஓடும்போதும், நாள் முழுவதும் மண்வெட்டி பிடிக்கும்போதும் இந்த எரிப்பு பல மடங்காகிறது. விறகு எரியும்போது பொறி பறப்பதுபோல் தசைகளில் வீரியம் மிகுந்த, நிலையற்ற சில துகள்கள் உண்டாகின்றன. அளவு மீறினால் இவை செல்களைச் சிதைக்கக் கூடியவை. இவற்றை அடக்க உடம்பிலேயே சில நொதிகள் உள்ளன. உணவில் உள்ள வைட்டமின் சி, வைட்டமின் ஈ, கீரையின் கரோட்டின், கருநீலப் பழத்தோலின் நிறமி முதலியனவும் துணை செய்கின்றன. இவற்றுக்குத்தான் ஆன்டி ஆக்சிடென்ட் என்று பெயர். டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்படும் சொல் இதுவே.

பொறி கெட்டதென்றால் அதை அணைப்பது நல்லதுதானே என்று தோன்றும். விஷயம் அவ்வளவு எளிதல்ல. இளம்பயிருக்குத் தினந்தோறும் மேலாக நீர் பாய்ச்சினால் வேர் ஆழத்துக்கு இறங்காது. சற்றுக் காயவிட்டால்தான் நீரைத் தேடி வேர் கீழே போகும். உடற்பயிற்சியும் அப்படியே. தசையில் எழும் அந்தப் பொறிதான், 'இன்னும் வலுப்பட வேண்டும்' என்று உடம்புக்குக் கிடைக்கும் சமிக்ஞை. அதை முழுவதும் அணைத்துவிட்டால் பயிற்சியின் பலனும் குறையக்கூடும்.

ஜெர்மனியில் இது சோதித்துப் பார்க்கப்பட்டு 2009ஆம் ஆண்டில் முடிவு வெளியானது. நான்கு வாரம் உடற்பயிற்சி செய்த இளைஞர்களில் ஒரு பகுதியினருக்கு நாள்தோறும் 1000 மில்லிகிராம் வைட்டமின் சி மாத்திரையும், வைட்டமின் ஈ மாத்திரையும் கொடுக்கப்பட்டன. பயிற்சியினால் உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறன் கூடவேண்டும். மாத்திரை உண்ணாதவர்களுக்குக் கூடியது, உண்டவர்களுக்குக் கூடவில்லை. 2014இல் வெளியான நார்வே நாட்டுச் சோதனையில் 54 பேர் 11 வாரம் பயிற்சி செய்தனர். மாத்திரை உண்டவர், உண்ணாதவர் இரு சாராரின் ஓட்டத் திறனும் ஒரே அளவில்தான் உயர்ந்தது. ஆனால் நெடுநேரம் உழைக்கத் தசைக்குள் நடக்க வேண்டிய மாற்றங்கள் மாத்திரை உண்டவர்களிடம் குறைவாக இருந்தன.

பழச்சாற்றுக்குச் சாதகமான முடிவுகளும் இல்லாமல் இல்லை. லண்டன் மாரத்தான் ஓட்டத்தில் கலந்துகொண்ட 20 பேரை வைத்து 2010இல் வெளியான ஆய்வில், ஓட்டத்துக்கு முன்னும் பின்னுமாகச் சில நாட்கள் புளிப்புச் செர்ரிப் பழச்சாறு அருந்தியவர்களுக்குக் கால் வலிமை விரைவாகத் திரும்பியது. எனினும் 20 பேர் என்பது சிறு எண்ணிக்கை. பழச்சாறு, பொடி, மாத்திரை என்று பல வகையிலும் நடந்த 50 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2017இல் பரிசீலித்தபோது, 1089 பேரின் அனுபவத்தில் தசைவலி ஓரளவே குறைந்தது தெரிந்தது. அந்த அளவும் ஓடியவர் உணரக்கூடிய அளவல்ல என்பதே ஆய்வாளர்களின் கருத்து.

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. செர்ரியில் உள்ள நிறமியின் இனமே இத்திராட்சையின் தோலிலும் இருக்கிறது. அதற்காகச் செர்ரிச் சோதனையின் முடிவை எடுத்துத் திராட்சைச் சாற்றுப் புட்டியில் ஒட்டுவது நியாயமாகாது. தோலோடு உண்ணச் சிறந்த பழம் என்ற அளவில் அதன் பெருமை குறைவதில்லை. முருங்கை இலைக்கும் இதே நிலைதான். இலைச்சாற்றைக் கொடுத்து எலிகளை நீந்தவிட்டுப் பார்த்த சோதனைகள் உண்டு. எலி நெடுநேரம் நீந்தியது என்பதால் மனிதர் வேகமாக ஓடுவார் என்று சொல்லிவிட முடியாது.

நெல்லியின் கணக்கைப் பார்த்தால் டப்பாவின் அவசியமின்மை தெளிவாகும். ஐதராபாத்திலுள்ள தேசிய உணவூட்ட நிறுவனத்தின் 2017ஆம் ஆண்டு அட்டவணைப்படி 100 கிராம் நெல்லியில் ஏறத்தாழ 250 மில்லிகிராம் வைட்டமின் சி உள்ளது. ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு வேண்டியது 80 மில்லிகிராம், பெண்ணுக்கு 65 மில்லிகிராம் என 2020இல் வகுக்கப்பட்டது. நடுத்தர அளவுள்ள ஒரு நெல்லிக்காயே போதும். ஜெர்மனியில் கொடுத்த மாத்திரையின் அளவை எட்ட வேண்டுமானால் தினமும் 400 கிராம் நெல்லி உண்ண வேண்டும். அது யாராலும் ஆகாத காரியம். பழமாக உண்ணும்போது அளவு மீறாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வயலில் வேலை செய்துவிட்டு ஓடவும் செய்யும் பிள்ளைகளுக்கு, குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு, நெல்லி வேறு வகையில் பெரிதும் உதவும். சீக்கிரம் மூச்சு வாங்குவதற்கும் களைப்பு நீங்காமல் இருப்பதற்கும் பல சமயம் இரத்தசோகையே காரணமாக இருக்கிறது. கேழ்வரகு, கீரை, பயறு ஆகியவற்றில் உள்ள இரும்புச் சத்தை உடம்பு எளிதில் ஏற்காது. அதே வேளையில் நெல்லியோ எலுமிச்சையோ சேர்ந்தால் கூடுதலாக ஏற்கும். சாப்பிட்ட கையோடு தேநீர் அருந்தினால் அந்த இரும்பு வீணாகும்; குறைந்தது ஒரு மணி நேரம் கழித்து அருந்துவது நன்று. களைப்பு தொடர்ந்தால் பொடி வாங்குமுன் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். இதற்கு வேண்டியது படிப்படியான பயிற்சி, கடுமையாக ஓடிய மறுநாள் இலேசான ஓட்டம், நல்ல தூக்கம், வயிறார உணவு ஆகியவையே. ஓடி முடித்ததும் உப்பிட்ட கஞ்சியோ நீராகாரமோ அருந்தி, சற்றுப் பின் சோறு, பயறு, நிலக்கடலை, வசதியுள்ளோர் முட்டை, பால் என உண்டால் தசை தேறும். டப்பாவுக்குச் செலவிடும் தொகையில் ஒரு மாதத்துக்கு வேண்டிய முட்டையும் கடலையும் வாங்கலாம். மாநில, தேசியப் போட்டிகளுக்குப் போகும் வீரர்களுக்கு மற்றோர் ஆபத்தும் உண்டு. லேபிளில் சொல்லாத ஊக்கமருந்து சில சத்துப் பொடிகளில் கலந்திருந்தது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. தெரியாமல் உண்டேன் என்று சொன்னாலும் பொறுப்பு வீரரையே சாரும்.

இனி விளைவிப்பவர் பக்கம். ஓட்டக்காரர் பொடி என்ற வாக்குறுதியை நம்பிக் காய்த் தோட்டத்தை அழித்து இலைத் தோட்டம் போடுவது உசிதமல்ல. இலை வாங்குவதாகச் சொல்பவர் என்ன தரம், என்ன விலை, எத்தனை மாதம் என்று எழுத்தில் கொடுக்காதவரை சில சென்ட் நிலத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பச்சை இலையில் முக்கால் பங்குக்கு மேல் நீர் என்பதால், காம்பு நீக்கிய நாலு கிலோ இலைக்கு ஒரு கிலோ பொடிகூடக் கிடைப்பது அரிது. உருவும் கூலியையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகே விலை பேச வேண்டும்.

காய்க்காக வளர்க்கும் செடியில் மொட்டுப்புழுவுக்கும் கம்பளிப்புழுவுக்கும் மருந்து தெளிப்பது வழக்கம். அந்தச் செடியின் இலையைப் பறித்துப் பொடி செய்வது உண்பவருக்குக் கேடு. நஞ்சு எச்சம் சோதனையில் தெரிந்தால் சரக்கு முழுவதும் திரும்பி வந்துவிடும். இலைக்கென்று தனிப் பாத்தி ஒதுக்கி, செடிகளை நெருக்கி நட்டு, இடுப்பளவில் கவாத்து செய்து துளிர்க்கவிட வேண்டும். மலைநெல்லி எடுக்க நினைப்போர், 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் அமைந்திருப்பதை மறக்கக் கூடாது. வனத்துறை அனுமதியின்றி எடுத்தால் வழக்கு வரும். தோட்ட வரப்பில் நட்ட ஒட்டு நெல்லிக்கு அந்தக் கவலை இல்லை.

பறித்த இலையை நல்ல நீரில் அலசி, நீர் வடித்து, காற்றோட்டமுள்ள நிழலில் துணியின் மேல் மெல்லியதாகப் பரப்ப வேண்டும். வெயிலில் காய்ந்தால் பச்சை நிறம் வெளுத்து, கரோட்டின் சத்தும் பெருமளவு அழியும். எப்படிக் காயவைத்தாலும் வைட்டமின் சி பெரும்பாலும் போய்விடும். ஆகவே பொடியில் அது நிறைந்திருப்பதாக எழுதக் கூடாது. கையில் கசக்கினால் நொறுங்கும் பதம் வரும்வரை உலர்த்தி, அன்றே அரைத்து, வெளிச்சம் புகாத, காற்று நுழையாத பையில் அடைக்க வேண்டும். ஈரம் மிஞ்சினால் பூசணம் பிடிக்கும். மழைக்காலத்தில் பொடி செய்வதைத் தவிர்த்து, இலையைக் கட்டுக் கட்டாகக் கீரையாகவே விற்றுவிடலாம். பொடி விற்க உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்வது கட்டாயம். நோய் தீர்க்கும், ஓட்டத்தில் வெல்ல வைக்கும் என்று பையில் அச்சிடுவது குற்றம். தவறான விளம்பரத்துக்கு 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். முருங்கை இலைப் பொடி என்ற பெயரும், எடையும், அரைத்த தேதியும், விளைந்த ஊரும் பையில் இருக்கட்டும்.