முதல் நாள் கையில் தரவேண்டிய தாள்

தூத்துக்குடி மாவட்டம் விளாத்திகுளம் வட்டத்தில், வைப்பாறு மன்னார் வளைகுடாவில் கலக்கும் இடத்தை ஒட்டி அமைந்த கீழவைப்பாரில் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும் பிள்ளைகளுக்குக் கல்லூரி என்பது பெரும்பாலும் தூத்துக்குடி நகரத்தில்தான் இருக்கிறது. 1948-இல் தொடங்கப்பட்ட தூய மரியன்னை கல்லூரி, 1951-இல் உருவான வ.உ.சிதம்பரம் கல்லூரி, 1966-இல் வந்த காமராஜ் கல்லூரி, 1977-இல் நிறுவப்பட்டு இன்று மீன்வளப் பல்கலைக்கழகத்தின் உறுப்பாக உள்ள மீன்வளக் கல்லூரி ஆகியவற்றுள் ஒன்றில் இடம் கிடைத்தால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேப்பலோடை, பட்டினமருதூர், தருவைகுளம் என்று உப்பளங்களைக் கடந்து நாள்தோறும் போய்வருவதா, நகரத்தில் விடுதி பார்ப்பதா என்ற கேள்வி வீட்டில் எழுகிறது. வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளையாக இருந்தால், அங்கே யாரைக் கேட்பது, எதற்கு எங்கே மனுக் கொடுப்பது, ஆபத்து என்றால் யாரை அழைப்பது என்பவற்றைச் சொல்லித்தர வீட்டில் ஆள் இருப்பதில்லை.  இந்தக் கட்டுரை அந்தப் பிள்ளைகள் கல்லூரி வாசலைத் தாண்டிய பின் அவர்களுக்கு உரிமையாக வரவேண்டிய உதவிகளையும் பாதுகாப்பு ஏற்பாடுகளையும் எடுத்துக்கொள்கிறது.

உயர்கல்வி நிறுவனங்களுக்கு நிதியும் நெறிமுறையும் வழங்கும் மைய அரசின் அமைப்பான பல்கலைக்கழக மானியக் குழு, ராகிங் தடுப்புக்காக 2009-இல் வெளியிட்ட ஒழுங்குமுறை விதிகளில், புதிதாகச் சேரும் ஒவ்வொரு மாணவருக்கும் அச்சிட்ட துண்டறிக்கை ஒன்றைத் தரவேண்டும் என்று ஒரு கூறு இருக்கிறது. எந்தத் தேவைக்கு யாரை அணுகவேண்டும் என்பதையும், ராகிங் தடுப்பு உதவி எண், விடுதிக் காப்பாளர்கள், கல்லூரி முதல்வர், தடுப்புக் குழுவினர், மாவட்ட நிர்வாகம், காவல்துறை ஆகியோரின் முகவரிகளையும் தொலைபேசி எண்களையும், எந்த நேரத்திலும் தொடர்புகொள்ளும் வகையில், அந்தத் தாள் கொண்டிருக்கவேண்டும். ஆடம்பரமான வரவேற்பு விழாக்கள், பேச்சாளர்கள், நினைவுப் பரிசுகள் ஆகியவற்றைக் காட்டிலும் புதிய மாணவருக்கு மிகுந்த பயன் தரக்கூடியது இந்த ஒற்றைத் தாள்தான்; ஆனால் அது தங்களுக்கு உரிமையாக வரவேண்டியது என்று கேட்டுப் பெறும் மாணவர்களும் பெற்றோரும் மிகக் குறைவு.

யாரை நாடுவது என்பதை முன்பே அறிந்திருக்கவேண்டும் என்ற எண்ணம், முத்துக்குளித்துறையான இந்தக் கரைக்கு அயலானதன்று. 1961-உடன் அரசு நடத்திய முத்துக்குளிப்பு நின்றுபோகும்வரை, கல்லைப் பற்றிக்கொண்டு கடலடிக்கு இறங்கிய ஒவ்வொரு குளியாளுக்கும் மேலே படகில் கயிறு பிடிப்பவர் ஒருவர் இருந்தார். அவர் யார் என்பது குளியாள் நீரில் இறங்குவதற்கு முன்பே முடிவாகியிருந்தது. கல்லூரியில் கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருப்பவர் யார் என்பதை மாணவர் முதல் நாளிலேயே அறிந்திருக்கவேண்டும் என்பதே 2009-ஆம் ஆண்டு விதியின் நோக்கம்.

அந்த விதி எளிதில் வந்துவிடவில்லை. 1996 நவம்பரில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர் நாவரசு, மூத்த மாணவர் ஒருவரால் விடுதியில் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்து 1997-இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. உடலுக்கோ மனத்துக்கோ ஊறு விளைவிக்கும், அல்லது அச்சத்தையும் வெட்கத்தையும் கூச்சத்தையும் உண்டாக்கும் எந்த ஒழுங்கற்ற செயலும் ராகிங் என்றும், கேலி செய்தல், வசைபாடுதல், குறும்பு விளையாட்டு, விருப்பமில்லாத ஒன்றைச் செய்யச் சொல்லுதல் ஆகியனவும் அதில் அடங்கும் என்றும் அச்சட்டம் வரையறுக்கிறது. தண்டனை இரண்டாண்டு வரையான சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரையான அபராதமும் ஆகும். நாவரசு வழக்கு 2011-இல்தான் உச்ச நீதிமன்றத்தில் இறுதித் தீர்ப்பை எட்டியது. அதற்கிடையில், மைய புலனாய்வுத் துறையின் முன்னாள் இயக்குநர் ஆர்.கே.ராகவன் தலைமையிலான குழு 2007-இல் பரிந்துரைகள் அளித்திருந்தது. 2009 மார்ச்சில் இமாச்சலப் பிரதேச மருத்துவக் கல்லூரி ஒன்றில் அமன் கச்ரு என்ற முதலாண்டு மாணவர் மூத்த மாணவர்களின் தாக்குதலால் இறந்தபிறகே அவை விதிகளாக வடிவம் பெற்றன. துண்டறிக்கையில் அச்சாகும் தொலைபேசி எண்களுக்குப் பின்னால் இந்தப் பிள்ளைகளின் மரணங்கள் இருக்கின்றன என்பதைக் கல்லூரி நிர்வாகங்கள் மறக்கக்கூடாது.

துண்டறிக்கையோடு விதிகள் நின்றுவிடவில்லை. புதிய மாணவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து ஒவ்வொரு குழுவையும் ஓர் ஆசிரியரின் பொறுப்பில் விடவேண்டும். முதல் மூன்று மாதங்களில் இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை, பெயர் குறிப்பிடாத கருத்தறியும் படிவங்களை முதலாண்டு மாணவர்களிடையே கொடுத்துத் துன்புறுத்தல் நடக்கிறதா என்று அறியவேண்டும். குற்றம் என்று கருதத்தக்க நிகழ்வு தெரியவந்தால் 24 மணி நேரத்துக்குள் கல்லூரித் தலைவரே காவல்துறையில் முதல் தகவல் அறிக்கை பதியச் செய்யவேண்டும். நாடு முழுவதுக்குமான ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522. ராகிங்கில் ஈடுபடமாட்டேன் என்று மாணவரும், அதற்குப் பொறுப்பேற்பதாகப் பெற்றோரும் ஆண்டுதோறும் உறுதிமொழி அளிக்கவேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு.

இந்த உறுதிமொழி இப்போது இணையவழியே அளிக்கப்படுவதால், கடற்கரை ஊர்களிலிருந்து வருவோருக்கு அது கணினி மையத்தில் முடிகிற ஒரு வேலையாகிவிடுகிறது. கல்லூரி விண்ணப்பம், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் ஆகியவற்றோடு இதுவும் ஒன்றாக நிரப்பப்பட, தகப்பனார் கடலில் இருக்கும் நேரத்தில் அவர் பெயரில் ஒருவர் பெட்டிகளில் குறியிட்டு அனுப்பிவிடுகிறார். பெற்றோர் எண் என்ற இடத்தில் மையத்துக்காரரின் எண்ணோ உறவினர் எண்ணோ பதிவாகிவிட்டால், கல்லூரி அனுப்பும் எந்தச் செய்தியும் வீட்டுக்கு வராது. தாம் எதற்கு உறுதி கொடுத்தோம் என்பதே தெரியாத பெற்றோர், தம் பிள்ளைக்குத் துன்பம் நேரும்போது கல்லூரியிடம் எதைக் கேட்க உரிமை உண்டு என்பதையும் அறியாதவர்களாகவே இருப்பார்கள். உறுதிமொழி வாசகத்தை மாணவர் அறிந்த மொழியில் தரலாம் என்று விதியே இடம்தரும்போது, அதைத் தமிழில் அச்சிட்டு, பெற்றோர் எண்ணைச் சேர்க்கை மேசையிலேயே ஒருமுறை அழைத்துச் சரிபார்ப்பது கல்லூரிக்குப் பெரிய சுமையன்று.

மாணவியரைப் பொறுத்தவரை மற்றொரு ஏற்பாடும் தெரிந்திருக்கவேண்டும். பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி, பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015-ஆம் ஆண்டு விதிகள் ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனத்திலும் உள் புகார்க் குழு ஒன்று இருக்கவேண்டும் என்கின்றன. மூத்த பெண் பேராசிரியர் ஒருவர் அதன் தலைவர். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள். வெளியிலிருந்து தன்னார்வ அமைப்பைச் சேர்ந்த ஒருவர் இடம்பெறவேண்டும். மாணவர் தொடர்பான புகாரென்றால் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர் மூவர் சேர்க்கப்படுவர். துறைத் தலைவர் போன்ற உயர் நிர்வாகப் பொறுப்பிலுள்ளோர் உறுப்பினராக முடியாது. புகாரை நிகழ்வு நடந்த மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் தரவேண்டும், தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம், எழுத இயலாதவருக்கு எழுதித்தர உதவவேண்டிய கடமை குழுத் தலைவருக்கு உண்டு, விசாரணை 90 நாளில் முடியவேண்டும். இவற்றுள் கால வரம்பே கவனத்துக்குரியது. ஊரில் பேச்சாகிவிடும், படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்ற அச்சத்தில் ஒரு பருவம் முழுவதும் வாய் திறவாதிருக்கும் மாணவிக்கு அந்த மூன்று மாதம் ஓசையில்லாமல் கழிந்துவிடுகிறது. குழு உறுப்பினர்களின் பெயர்ப்பட்டியல் முதல்வர் அறை வாசலில் மட்டும் தொங்குவது போதாது. மாணவியர் பயன்படுத்தும் ஓய்வறையிலும் விடுதியிலும் அது இருக்கவேண்டும்.

காவல்துறையை அணுகுவதிலும் 2024 ஜூலை 1 முதல் ஒரு மாற்றம் வந்துள்ளது. அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத் தொகுப்பு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் தரலாம் என்பதைச் சட்டமாக்கியுள்ளது. அவ்வாறு எல்லை கடந்து பதிவாகும் அறிக்கைக்கு ‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்.’ என்று பெயர். எனவே தூத்துக்குடியில் நேர்ந்த துன்பத்துக்குக் கீழவைப்பார் மாணவி, வீட்டுக்கு வந்து பெற்றோருடன் சென்று, அருகிலுள்ள காவல் நிலையத்திலேயே புகார் தரலாம். அறிக்கையின் நகலைக் கட்டணமின்றிப் பெறலாம். மின்னணு வழியாகவும் தகவல் அனுப்பலாம், ஆனால் மூன்று நாளுக்குள் நேரில் கையொப்பமிடவேண்டும். பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதே தண்டனைக்குரிய குற்றம். 2024 டிசம்பரில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருவர் பாலியல் வன்முறைக்கு ஆளான வழக்கில், அவரது விவரங்கள் கொண்ட முதல் தகவல் அறிக்கை கசிந்ததைச் சென்னை உயர் நீதிமன்றம் கடுமையாக எடுத்துக்கொண்டு, பெண் அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்ததோடு மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடும் வழங்க ஆணையிட்டது. குற்றவாளிக்கு 2025 ஜூனில், குறைந்தது 30 ஆண்டு தண்டனைக் குறைப்பில்லாத ஆயுள் சிறை விதிக்கப்பட்டது. அந்த மாணவி துணிந்து புகார் அளித்ததால்தான் அந்தத் தண்டனை சாத்தியமாயிற்று.

பாதுகாப்புக்கு அடுத்ததாக வருவது பணம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலமும் கல்லூரிச் சேர்க்கைக் காலமும் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. வள்ளங்களுக்கும் நாட்டுப்படகுகளுக்கும் அந்தத் தடை இல்லை என்றாலும், விசைப்படகுகளில் பங்குக்குப் போகும் குடும்பங்களில் வருமானம் நின்றிருக்கும் நாள்களில்தான் முதல் கட்டணத்தைக் கட்டவேண்டியிருக்கிறது. அரசு தரும் தடைக்கால நிவாரணமான 8,000 ரூபாய் வீட்டுச் செலவுக்கே போய்விடும். ஆகவே, கிடைக்கக்கூடிய உதவிகளைச் சேர்க்கையின்போதே கேட்டுப்பெறுவது இக்குடும்பங்களுக்கு இன்றியமையாதது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவியர்க்கு மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கியது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தோருக்கும் அதை நீட்டித்த விழா 2024 டிசம்பர் 30-இல் தூத்துக்குடியிலேயே நடந்தது. திருச்சபை நடத்தும் உதவிபெறும் பள்ளிகள் மிகுந்த இக்கரைக்கு அந்த நீட்டிப்பு பெரும் வாய்ப்பாகும். மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. இரண்டுக்கும் கல்லூரியில் உள்ள பொறுப்பு அலுவலர் வழியாகவே விண்ணப்பிக்கவேண்டும். ஆதாருடன் இணைந்த, மாணவரின் சொந்தப் பெயரிலான வங்கிக் கணக்கு இல்லாவிட்டால் பணம் வந்து சேராது. மீனவர் நல வாரியத்தில் பெற்றோர் உறுப்பினராக இருந்தால் அங்கும் கல்வி உதவித்தொகைக்கு வழி உண்டு. மீன்வளப் பட்டப்படிப்பில் மீனவர் குழந்தைகளுக்குத் தனி ஒதுக்கீடும் உண்டு.

உதவித்தொகை என்ற பெயரிலேயே ஏமாற்று வேலையும் நடக்கிறது. கல்வித்துறையிலிருந்து பேசுவதாகச் சொல்லி, மாணவரின் பெயர், பள்ளி, பெற்றோர் பெயர் எல்லாவற்றையும் சரியாகக் கூறி நம்பவைத்து, வாட்ஸ்அப்பில் அனுப்பும் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் தொகை வந்துவிடும் என்பார்கள். ஸ்கேன் செய்து ரகசிய எண்ணை இட்டவுடன் கணக்கிலிருந்து பணம் போய்விடும். பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. ஏமாந்தது தெரிந்தவுடன் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைத்தால், பணம் கைமாறுவதற்குள் முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு. ஒரு நாள் தாமதித்தாலும் அந்த வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.

பயணத்தில் தெரிந்திருக்கவேண்டியவை சில. அரசுக் கல்லூரி மாணவர்க்குக் கட்டணமில்லாப் பேருந்து அட்டை உண்டு. பெண்களுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே முதல் கட்டணமில்லை. காலை நேரப் பேருந்தில் இடமில்லாமல் படிக்கட்டில் தொங்குவதைத் துணிச்சல் என்று கருதும் மாணவர்களுக்கு, 2012 டிசம்பர் 10-இல் சென்னை பெருங்குடி அருகே அவ்வாறு தொங்கிச் சென்ற நான்கு மாணவர்கள் லாரியில் அடிபட்டு இறந்ததைப் பெற்றோரும் ஆசிரியரும் ஆண்டுதோறும் சொல்லவேண்டும். அதே நேரம் கல்லூரி தொடங்கும் நேரத்துக்குப் போதிய பேருந்து கேட்டு மனுக் கொடுக்கும் பொறுப்பு ஊருக்கும் உண்டு. நகரத்தில் தனியார் மகளிர் விடுதியில் சேர்ப்பவர்கள், 2014-ஆம் ஆண்டு விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி அதற்கு மாவட்ட ஆட்சியரின் உரிமம் இருக்கிறதா என்று முன்பணம் கட்டுமுன் கேட்கவேண்டும்.

மழைக்காலத்தையும் கணக்கில் எடுக்கவேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, தூத்துக்குடி நகரம் பல நாள் நீரில் நின்றது. சாலைகள் அறுந்தன, கைப்பேசிக் கோபுரங்கள் செயலிழந்தன. விடுதிப் பிள்ளை எங்கே இருக்கிறார் என்று தெரியாமல் பெற்றோர் தவிக்கும் நிலை அப்போது எத்தனையோ வீடுகளில் நேர்ந்தது. விடுமுறை அறிவிப்பு மாவட்ட ஆட்சியரிடமிருந்து வரும். பேரிடர் உதவிக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. பிள்ளை கைப்பேசியை எடுக்காதபோது அழைக்கவேண்டிய விடுதித் தரைவழி எண்ணும், நகரத்தில் உள்ள உறவினர் ஒருவரின் எண்ணும் வீட்டுச் சுவரில் எழுதப்பட்டிருப்பது நல்லது.

மனநலம் பற்றி நமது ஊர்களில் இன்னும் தாழ்ந்த குரலிலேயே பேசப்படுகிறது. 2025 ஜூலை 25-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய வழிகாட்டுதல்களின்படி, நூறு பேரோ அதற்கு மேலோ படிக்கும் நிறுவனங்களில் தகுதிபெற்ற மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்கவேண்டும். உதவி எண்களை விடுதியிலும் வகுப்பறையிலும் பெரிய எழுத்தில் ஒட்டவேண்டும். டெலி மானஸ் எனப்படும் அரசின் தொலைபேசி ஆலோசனைச் சேவை 2022 அக்டோபர் முதல் 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி இயங்குகிறது. தமிழ்வழியில் படித்துவிட்டு முதல் பருவத்தில் ஆங்கிலப் பாடங்களின் முன் திகைத்து நிற்கும் பிள்ளைக்கு, தனக்கு அறிவு குறைவு என்ற முடிவுக்கு வருமுன் பேசுவதற்கு ஓர் ஆள் தேவை. அந்த ஆளாகத் துணைநிற்கவேண்டியவர், 2009-ஆம் ஆண்டு விதியின்படி சிறு குழுவுக்குப் பொறுப்பேற்ற ஆசிரியர். மாணவர் முதல் வாரத்திலேயே அவர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும்.

இத்தனை எண்களும் கல்லூரித் துண்டறிக்கையில் இருந்தாலும் அவை வீட்டை எட்டுவதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். ஆகஸ்ட் 15 அன்று ஊராட்சிகளில் கிராமசபை கூடுகிறது. முதலாண்டு வகுப்புகள் தொடங்கிச் சில வாரங்களே ஆகியிருக்கும் காலம் அது, ராகிங் விதிகள் கண்காணிக்கச் சொல்லும் முதல் மூன்று மாதத்துக்குள்ளும் அது வருகிறது. அந்தக் கூட்டத்தில் அவசர உதவிக்கு 112, மருத்துவ ஊர்திக்கு 108, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 என்ற எண்களோடு, ஊரிலிருந்து பிள்ளைகள் சேர்ந்துள்ள ஒவ்வொரு கல்லூரியின் ராகிங் தடுப்புக் குழு, உள் புகார்க் குழு, உதவித்தொகைப் பொறுப்பு அலுவலர் ஆகியோரின் எண்களையும் தமிழில் தட்டச்சிட்டு, வாசித்து, ஊராட்சி அலுவலகத்திலும் மீன் ஏலக்கூடத்திலும் ஒட்டிவைக்கக் கீழவைப்பார் ஊராட்சிக்கு எந்த அரசாணையும் தேவையில்லை. அந்தக் கல்லூரிகளுக்கு ஊராட்சி நிர்வாகம் ஜூலையிலேயே ஒரு கடிதம் எழுதி எண்களைக் கேட்டுப் பெற்றால் போதும்.