மடை அடைத்த பாறை

எண்ணெய் பூமிக்கடியில் ஏரி மாதிரி கிடக்குதுன்னு பலர் நினைக்கிறோம். அப்படியில்லீங்க. மணற்பாறையின் நுண்துளைகளில், ஈரமணலில் தண்ணீர் போல ஊறிக் கிடக்கு. தண்ணீரைவிட லேசு என்பதால் மேல்நோக்கி ஏறிக்கொண்டே இருக்கும்.

பாறையடுக்கு பிளந்து ஒரு பக்கம் கீழிறங்கினால், மணற்பாறைக்கு எதிரே களிப்பாறை வந்து நிற்கலாம். மடையை அடைத்த கதைதான்! மேலேயும் களிப்பாறை மூடியிருந்தால் எண்ணெய் அங்கேயே தேங்கிடும். அதற்கு மேலே எரிவாயு, கீழே உப்புநீர். எல்லாப் பிளவும் அடைக்காது; சிலது கசியும்.

கோண்டுவானா பெருநிலம் உடைந்தபோது நம்ம காவிரிப் படுகையும் இப்படித்தான் மேடும் பள்ளமுமாகப் பிளந்து இறங்கியது. மேலே வண்டல் மூடியதால் கண்ணுக்குத் தெரியாது. நரிமணம், குத்தாலம் எண்ணெய்க் கிணறுகள் இந்தப் படுகையில்தான் இருக்கு. துளைக்கும் குழாய் முதலில் நம்ம பம்புசெட் தண்ணீர் அடுக்கைத் தாண்டித்தான் இறங்கணும். எண்ணெயோடு உப்புநீரும் அதே குழாயில் ஏறும். குழாயைச் சுற்றிப் பூசிய சிமெண்ட்தான் இரண்டுக்கும் நடுவில் உள்ள வரப்பு.