பலகைக்கு அடியில் படுத்திருந்தவர்கள்

மோட்டார் காயில் கருகும் வாசனை தனி ரகம். மூக்கில் ஏறிவிட்டால் இரண்டு நாளைக்கு இறங்காது. என்னுடைய முதல் பாயின்ட் மோட்டார் அப்படித்தான் உயிரை விட்டது. ப்ளைவுட் பலகைமேல் ஓடிக்கொண்டிருந்த ரயிலைப் பக்கத்துத் தடத்துக்குத் திருப்பலாம் என்று பொத்தானை அழுத்தினேன். ‘டக்’கென்று தண்டவாளம் நகர்ந்தது, ரயிலும் அழகாகத் திரும்பியது. பொத்தான்தான் மேலே எழும்பி வரவில்லை. நான் ரயிலை ரசித்துக்கொண்டிருக்க, பலகைக்கு அடியில் புகை கிளம்பியது.

ரயில் தடம் மாறும் இடத்தை நம் ரயில்வேயில் பாயின்ட் என்பார்கள். அங்கே வேலை பார்ப்பவர் பாயின்ட்ஸ்மேன். மாதிரி ரயில்களில் பலரும் கட்டுகிற ஹெச்.ஓ. அளவில் எல்லாமே அசலில் 87-ல் ஒரு பங்கு. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே 16.5 மில்லிமீட்டர்தான். அந்த உலகத்துப் பாயின்ட்ஸ்மேன் இரண்டு சென்டிமீட்டர் உயரம் இருப்பார். அவரால் ஆகிற வேலை இல்லை என்பதால் பலகைக்கு அடியில் ஒரு மோட்டாரை வைக்கிறோம். மோட்டார் என்பது பேச்சுக்குத்தான். சுற்றுகிற சமாசாரம் எதுவும் அதில் கிடையாது. இரண்டு செப்புக் கம்பிச் சுருள்கள், ஊடே ஓர் இரும்புத் தண்டு, அவ்வளவுதான். இந்தச் சுருளில் மின்சாரம் போனால் தண்டு இந்தப் பக்கம் பாயும், அந்தச் சுருளில் போனால் அந்தப் பக்கம். தண்டோடு சேர்ந்த ஊசி பலகையில் போட்ட துளை வழியாக மேலே எழும்பி, தண்டவாளத்தின் நகரும் நாக்குகளைத் தள்ளிவிடும்.

அதற்குக் கண் சிமிட்டும் நேரம் போதும். சுருளின் மின்தடை 4 ஓம், கொடுப்பது 16 வோல்ட் என்று வைத்துக்கொண்டால் 4 ஆம்பியர் பாய்கிறது. அதாவது 64 வாட். பழைய குண்டு பல்பின் சூடு முழுக்கக் கட்டைவிரல் அளவுச் சுருளுக்குள். நொடிப்பொழுது என்றால் தாங்கும், விட்டுவிட்டால் என் வீட்டுக் கதைதான்.

இதற்கு மருந்து கண்டென்சர். வீட்டு ஃபேனில் இருப்பது இரண்டரை மைக்ரோஃபாரட் என்றால் இங்கே போடுவது 4,700. குழாயைத் திறந்துவிட்டு மறந்துபோவதற்குப் பதிலாக, குடத்தை நிரப்பிவைத்து ஒரே ஊற்றாக ஊற்றுவது மாதிரி. பொத்தானைத் தொட்டதும் சேர்த்துவைத்த அத்தனையும் சுருளுக்குள் பாயும். பிறகு பொத்தான் மாட்டிக்கொண்டாலும் எரிப்பதற்குக் குடத்தில் ஒன்றும் மிச்சமிருக்காது. நிஜமாகவே சுற்றுகிற மோட்டார்களும் உண்டு. 12 வோல்ட்டில், இரண்டு மூன்று நொடி எடுத்துக்கொண்டு நிதானமாகத் தள்ளும். எனக்கு அதுதான் பிடித்தம். அசல் ரயில்வேயில் எந்தப் பாயின்ட்டும் தவளை மாதிரித் துள்ளுவதில்லை.

தவளை என்றதும் நினைவுக்கு வருகிறது, உண்மையான தலைவலி அதுதான். பாயின்ட்டுக்குள் ஒரு தடத்தின் தண்டவாளம் இன்னொரு தடத்தின் தண்டவாளத்தைக் குறுக்கே வெட்டும் முனைக்கு ஆங்கிலத்தில் தவளை என்று பெயர். குதிரைக் குளம்பின் அடியிலிருக்கும் முக்கோணச் சதைக்கும் அதே பெயர்தான். சாயலைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். மாதிரி ரயில் தண்டவாளத்திலிருந்துதான் மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது. வலது தண்டவாளம் பாசிட்டிவ் என்றால் இடது நெகட்டிவ். வண்டி ஒரு தடத்தில் போகும்போது தவளை பாசிட்டிவாக இருந்தாக வேண்டும், அடுத்த தடத்தில் போகும்போது நெகட்டிவாக. மாற்ற மறந்தால் ஷார்ட் ஆகி மொத்த ஊரும் இருண்டுவிடும். வம்பே வேண்டாம் என்று பிளாஸ்டிக் தவளை வைத்தால், குட்டி இன்ஜின்கள் அதன்மேல் ஏறியதும் மின்சாரம் கிடைக்காமல் நின்றுவிடும். ஆகவே பாயின்ட் நகரும்போது கூடவே நகர்கிற ஒரு சுவிட்சைப் பொருத்தி, தவளைக்கு எந்தப் பக்கத்து மின்சாரம் என்பதை அதையே முடிவு செய்ய வைக்க வேண்டும்.

ஆக, பாயின்ட்டுக்கு இரண்டே நிலைதான்: நேர் அல்லது கிளை. ஒரு பாயின்ட் என்றால் விளையாட்டு. யார்டில் ஐந்து தடம் வரிசையாகப் பிரிகிறது என்றால் நான்கு பாயின்ட்டுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். ஒரே பொத்தானில் அத்தனையும் சரியாகத் திரும்ப வேண்டும் என்று ஆசைப்பட்டால், ‘இது இப்படி இருந்தால் அது அப்படி’ என்பதை ஒயரில் எழுதியாக வேண்டும். மல்லாந்து படுத்து, சால்டரிங் துளி கையில் சொட்டச் சொட்ட இதை யோசித்தவர்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதுதான் இந்த விஷயத்தில் எனக்கு மிகப் பிடித்த கதை.

அமெரிக்காவில் எம்.ஐ.டி. மாணவர்கள் 1946-ல் மாதிரி ரயில் மன்றம் ஒன்றைத் தொடங்கினார்கள். வெகுகாலம் அது இயங்கியது 20-ம் எண் கட்டடத்தில். போர்க்காலத்தில் ரேடார் ஆராய்ச்சிக்காக 1943-ல் அவசரமாக எழுப்பிய தற்காலிகக் கட்டடம். 1998 வரை இடிக்கவில்லை. மன்றத்தில் இரண்டு சாதி. பெட்டிக்கு வர்ணம் அடித்து, மலையும் மரமும் செய்து, கால அட்டவணை போட்டு ரசிப்பவர்கள் ஒரு பக்கம். மேலே ஓடும் ரயிலை ஏறிட்டும் பார்க்காமல் பலகைக்கு அடியிலேயே குடியிருந்த ‘சிக்னல் அண்டு பவர்’ குழு மறுபக்கம். அவர்களுக்கு மூலப்பொருள், தொலைபேசி நிறுவனத்திடமிருந்து நன்கொடையாக வந்த ரிலேக்கள், அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள். ரயிலை எந்தப் பகுதியில் ஓட்டப்போகிறோம் என்பதைத் தொலைபேசியின் வட்ட டயலைச் சுழற்றித்தான் சொல்வார்கள். மன்றத்துக்காக 40 மணி நேரம் உழைத்தால் அறையின் சாவி கைக்கு வரும்; எந்த நேரமும் போய்ப் படுத்துக்கொள்ளலாம், பலகைக்கு அடியில்.

ரயில் எதிலாவது மோதப்போகிறது என்றால் அடிக்க அறையில் அங்கங்கே அவசர சுவிட்சுகள் இருந்தன. அடித்தால் மன்றத்தின் கடிகாரம் நின்று, மணிக்குப் பதிலாக ‘ஃபூ’ என்று காட்டும். இன்றைக்கும் புரோகிராம் எழுதப் பழகுகிறவர்கள் பெயர் தெரியாத எதற்கும் வைக்கிற அதே ‘ஃபூ’. பீட்டர் சாம்சன் என்ற உறுப்பினர் 1959-ல் தொகுத்த மன்ற அகராதியில் ‘ஹேக்’கும் இருக்கிறது. நம் பத்திரிகைகளில் ஹேக்கர் என்றால் வங்கிக் கணக்கில் கை வைக்கிறவன். அந்த அறையில் அது, யாருக்கும் காசு பெறாத வேலையை வெறும் ருசிக்காகச் சாமர்த்தியமாகச் செய்து முடிப்பதற்கான பாராட்டு.

ரிலேயிலிருந்து கம்ப்யூட்டருக்குத் தாவ அவர்களுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. பிடிபி-1 இயந்திரம் 1961-ல் வளாகத்துக்கு வந்தது. மன்றத்தைச் சேர்ந்த ஸ்டீவ் ரஸ்ஸல் முன்னின்று எழுத, 1962-ல் ‘ஸ்பேஸ்வார்’ என்ற விண்கலச் சண்டை ஆட்டம் திரையில் ஓடியது. விளையாடியவர்கள் கம்ப்யூட்டரின் முகப்பில் இருந்த சுவிட்சுகளையே தட்டித் தட்டி முழங்கை வலியால் அவதிப்பட்டார்கள். ஆலன் கோடோக்கும் பாப் சாண்டர்ஸும் நேரே ரயில் அறைக்குப் போய், கிடைத்த உதிரிபாகங்களைப் பொறுக்கிக்கொண்டு வந்து, கையடக்கமாக இரண்டு மரப்பெட்டிகள் செய்தார்கள். விண்கலத்தைத் திருப்பச் சுவிட்சுகள், குண்டு போட ஒரு பொத்தான். அந்தப் பொத்தான் மட்டும் சத்தமே போடாத ரகமாக இருக்க வேண்டும் என்பதில் குறியாக இருந்தார்கள். ‘டக்’கென்றால் எதிராளி உஷாராகிவிடுவானே!