பேட்டரி போட்ட பேஸ் கிட்டார் ஆம்பைக் கெடுக்குமா?

கிள்ளானில் ஒரு ஜாமிங் ஸ்டூடியோ. கல்யாண விருந்தில் வாசிக்கப் போகிற பையன்கள் நான்கு பேர் ஒத்திகைக்கு வந்திருந்தார்கள். பேஸ் வாசிக்கும் பையன் உறையைத் திறந்து கிட்டாரை வெளியே எடுத்தான். அதன் முதுகில் இருந்த சின்ன பேட்டரி மூடியைக் கடைக்காரர் பார்த்துவிட்டார். "தம்பி, பேட்டரி கிட்டாரா? அத என் ஆம்ப்ல சொருகாதீங்க. ஆம்ப் போயிரும்" என்றார். பையனுக்கு முகம் வாடிவிட்டது. ஐந்து கம்பி கிட்டார் அது. ஒரு வருடம் பணம் சேர்த்து வாங்கியது. அன்றைக்கு ஸ்டூடியோவில் கிடந்த பழைய நான்கு கம்பி கிட்டாரில் வாசித்துவிட்டுப் போனான்.

இதே பேச்சைப் பிரிக்பீல்ட்ஸ் பக்கத்து இசைக்குழுக்களிடமும் கேட்டிருக்கிறேன். பேஸ் ஆம்புகள் பலவற்றின் முகத்தில் 'ஆக்டிவ்', 'பாஸிவ்' என்று இரண்டு துளைகள் இருக்கும். தனித் துளை வைத்திருக்கிறார்களே, மாற்றிச் சொருகினால் ஏதோ வெந்துவிடும் போலிருக்கிறது என்று எண்ணத் தோன்றுவது இயல்பே. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் கதை வேறு.

முதலில் பேட்டரி இல்லாத, அதாவது 'பாஸிவ்' கிட்டார். கம்பிகளுக்குக் கீழே காந்தம் இருக்கிறது. காந்தத்தைச் சுற்றித் தலைமுடி அளவு மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கும். இதற்குப் பெயர் பிக்கப். எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. லியோ ஃபெண்டர் 1951-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த பிரசிஷன் பேஸ் இந்த வகைதான். இதில் ஒரு குறை உண்டு. இத்தனை சுற்று கொண்ட சுருளிலிருந்து வரும் சமிக்ஞை பலவீனமானது. ஆறு மீட்டர் கேபிள் வழியாகப் போவதற்குள் மேல்சுருதியின் பளபளப்பில் ஒரு பங்கு கேபிளிலேயே கரைந்துவிடும்.

அந்தக் குறையைத் தீர்க்கத்தான் கிட்டாருக்குள்ளேயே சின்ன மின்சுற்று ஒன்றை வைத்தார்கள். பிரீ-ஆம்ப் என்பது அதுதான். அது உள்ள கிட்டாருக்குத்தான் 'ஆக்டிவ்' என்று பெயர். அதே லியோ ஃபெண்டர் பிற்காலத்தில் மியூசிக் மேன் நிறுவனத்தோடு சேர்ந்து 1976-இல் கொண்டுவந்த ஸ்டிங்ரே, இந்த அமைப்பை மேடைதோறும் கொண்டுசேர்த்தது. 9 வோல்ட் சதுரப் பேட்டரி ஒன்று. நகத்தளவு சில்லு ஒன்று. குறைந்த சுருதியையும் மேல்சுருதியையும் ஏற்றி இறக்கக் குமிழ்கள்.  

பேஸ் இல்லாமல் நம் பாட்டு இல்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இளையராஜாவின் பாடல்களில் பேஸ் தனக்கென்று ஒரு மெட்டையே பாடிக்கொண்டு போகும். ரஹ்மானின் பாடல்களில் கீத் பீட்டர்ஸ் வாசித்த பேஸை உடம்பே உணரும். அந்தப் பாட்டுகளைக் கல்யாண மண்டபத்தில் வாசிக்க வரும் பையனிடம் "உன் கிட்டார் ஆகாது" என்று சொல்வது எனக்கு வருத்தம் தருகிறது. அதனால்தான் இந்தக் கணக்கு.

9 வோல்ட் பேட்டரியில் ஓடும் சுற்று எவ்வளவு முயன்றாலும் 9 வோல்டுக்கு மேல் தர முடியாது. அலையின் மேல்முனையிலிருந்து கீழ்முனை வரை 9 வோல்ட் என்றால், சராசரிக் கணக்கில் ஏறத்தாழ 3 வோல்ட். ஆம்பின் வாசலில் பொதுவாக 10 லட்சம் ஓம் அளவுக்கு மின்தடை இருக்கும். 3 வோல்ட் அதன்மேல் விழுந்தால் உள்ளே போகும் சக்தி ஒரு வாட்டில் லட்சத்தில் ஒரு பங்கு. இது எந்தப் பாகத்தையும் சூடாக்கக்கூடப் போதாது. இரண்டு பேட்டரி போட்ட 18 வோல்ட் கிட்டார் என்றால் இதைப் போல் நான்கு மடங்கு, அதுவும் ஒன்றுமில்லைதான். இன்றைய ஆம்புகளின் முன்பகுதிச் சில்லுகள் பெரும்பாலும் கூட்டல் 15, கழித்தல் 15 என்று மொத்தம் 30 வோல்டில் இயங்குபவை. 18 வோல்ட் அலை அவற்றின் எல்லைக்குள்ளேயே அடங்கிவிடும். பாஸிவ் கிட்டாரும் சாதுவல்ல. கட்டைவிரலால் ஓங்கி ஸ்லாப் அடித்தால் அதன் சுருளும் கணநேரம் ஒரு வோல்டைத் தாண்டும்.

அப்படியானால் அந்த இரண்டாவது துளை எதற்கு? சத்தம் கெடாமல் இருப்பதற்கு. 1969-இல் வந்த ஆம்பெக் எஸ்.வி.டி. வரிசை ஆம்புகளின் பிற்கால வடிவங்களில் ஒரு துளைக்குப் பக்கத்தில் '0 டெசிபல்' என்றும் இன்னொன்றின் பக்கத்தில் 'கழித்தல் 15 டெசிபல்' என்றும் எழுதியிருக்கும். ஆக்டிவ் கிட்டாரின் பலமான அலையைக் குறைத்து உள்ளே விடுவதுதான் இரண்டாவதின் வேலை. அதை விட்டு முதலாவதில் சொருகினால், ஆம்ப் அந்த அலையைப் பெருக்கும்போது அதன் தலையும் அடியும் வெட்டுப்பட்டுத் தட்டையாகலாம், சத்தம் கரகரக்கலாம். வால்வு ஆம்பானாலும் இதேதான் நடக்கும். வால்வுக்கு ஒன்றும் ஆகாது. கரகரப்பு பிடித்துப்போய் வேண்டுமென்றே அப்படி வாசிப்பவர்களும் இருக்கிறார்கள்.

ஆபத்து ஆம்பின் வாசலில் இல்லை, ஸ்பீக்கரில் இருக்கிறது. அதுவும் கிட்டாரால் வருவதில்லை, குமிழைத் திருகும் கையால் வருகிறது.

டெசிபல் கணக்கு ஏமாற்றும். 3 டெசிபல் ஏற்றினால் ஸ்பீக்கருக்குப் போகும் சக்தி இரண்டு மடங்காகும். 12 டெசிபல் என்றால் பதினாறு மடங்கு. 20 வாட்டில் அமைதியாக ஓடிக்கொண்டிருந்த ஸ்பீக்கருக்கு, கிட்டாரின் பேஸ் குமிழை 12 டெசிபல் ஏறும்படி முழுக்கத் திருகியதும் அந்தக் கீழ்ச்சுருதியில் 320 வாட் தேவைப்படும். ஆம்பிலும் இன்னொரு 12 டெசிபல் ஏற்றினால் கணக்கு 250 மடங்கைத் தொடும். எந்த ஆம்பும் அதைத் தராது. தர முடியாதபோது தன் எல்லையில் அலையை வெட்டும். 300 வாட் ஆம்ப் அலையை முழுக்க வெட்டினால் கிட்டத்தட்ட 600 வாட் வரை கக்கும். ஸ்பீக்கரின் சுருளுக்கு அவ்வளவு வெப்பத்தை வெளியேற்ற வழியில்லை. பெட்டியில் மேல்சுருதிக்கான சின்ன ட்வீட்டர் இருந்தால் பெரும்பாலும் அதுதான் முதலில் கருகும்.

வெப்பம் ஒருபுறம், ஸ்பீக்கரின் கூம்பு ஆடும் தூரம் இன்னொருபுறம். அதே அளவு சத்தத்தை ஒரு ஸ்தாயி கீழே கேட்க வேண்டுமென்றால் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போக வேண்டும். நான்கு கம்பி பேஸின் அடிக் கம்பி நொடிக்கு 41 முறை அதிர்கிறது. ஐந்தாவது கம்பி 31 முறை. ஓட்டை வைத்த பேஸ் பெட்டிகள் பலவும் 50 ஹெர்ட்ஸை ஒட்டிச் சுருதி சேர்க்கப்பட்டவை. அதற்குக் கீழே போனால் பெட்டிக்குள் இருக்கும் காற்று கூம்பைத் தாங்கிப் பிடிக்காது. அப்போது 'டொக் டொக்' என்று ஒரு சத்தம் கேட்கும். சுருள் தன் கடைசி எல்லையில் மோதுகிற சத்தம் அது. அதைக் கேட்ட உடனே பேஸ் குமிழைக் குறைக்க வேண்டும். கருகல் வாடை வந்துவிட்டால் கூம்பையும் சுருளையும் மாற்றி 'ரீகோன்' செய்யத்தான் கொண்டுபோக வேண்டும்.

அந்தக் கிள்ளான் கடைக்காரரின் பயத்திலும் ஓர் உண்மை இருக்கிறது. ஆக்டிவ் கிட்டார் வந்த பிறகு அவருடைய ஸ்பீக்கர் கிழிந்திருக்கலாம். குற்றம் பேட்டரியின்மேல் விழுந்தது. பாஸிவ் கிட்டாரைச் சொருகி ஆம்பின் பேஸ் குமிழை அதே அளவு திருகியிருந்தாலும் அது கிழிந்திருக்கும். பேஸை வீட்டு ஸ்டீரியோவிலோ சாதாரண கிட்டார் ஆம்பிலோ பலமாக வாசித்தாலும் இதே முடிவுதான்.

பேட்டரி சாகிற நேரத்தில் கிட்டார் கரகரக்கும், சத்தம் குன்றும். அதை ஆம்பின் கோளாறு என்று நினைத்துக் கழற்றிப் பார்க்க வேண்டாம். முதலில் பேட்டரியை மாற்றுங்கள். கேபிளைக் கிட்டாரில் சொருகும்போதே அந்தச் சுற்று இயங்கத் தொடங்கிவிடுகிறது. உருவும்வரை பேட்டரி தேய்ந்துகொண்டே இருக்கும்.

ஸ்டூடியோ நடத்தும் அண்ணன்மாருக்கு ஒரு வேண்டுகோள். பையன் கொண்டுவரும் ஆக்டிவ் கிட்டாரை மறுக்காதீர்கள். பேஸ் குமிழை நடுவில் வைக்கச் சொல்லுங்கள், வால்யூமை மெதுவாக ஏற்றச் சொல்லுங்கள். வாசிக்கும் தம்பிகளுக்கும் ஒரு சொல்: கேபிளைச் சொருகும்போதும் உருவும்போதும் ஆம்பின் வால்யூம் பூஜ்யத்தில் இருக்கட்டும்.