வீணாகும் வெப்பம் வீட்டுக்கு வரும் வழி: டென்மார்க்கின் தொலைவெப்ப முறை

டென்மார்க்கில் வாழும் நம்மவர் வீடுகளில், வெப்பக் கட்டணப் பட்டியல் வந்து சேரும் நாளன்று ஒரே முறைப்பாடு எழுவதுண்டு. "படுக்கையறை ஹீற்றர்களை எல்லாம் பூட்டிவிட்டோம், வரவேற்பறையில் உள்ள ஒன்றை மட்டுமே முழுமையாகத் திறந்தோம். பிறகு எதற்கு மேலதிகக் கட்டணம்?" இதற்கு விடை காண வேண்டுமாயின், அந்தச் சுடுநீர் எங்கிருந்து வருகின்றது, எங்கே திரும்பிச் செல்கின்றது என்பதை அறிதல் வேண்டும்.

எரிபொருளைக் கொண்டு மின்சாரம் மட்டும் பிறப்பிக்கும் அனல் நிலையங்களிற் பெரும்பாலானவற்றில், சக்தியின் பாதிக்கு மேற்பட்ட பங்கு வெப்பமாகிக் கடலிலும் காற்றிலும் கலந்து வீணாகின்றது. அவ்வெப்பத்தால் நீரைச் சூடாக்கி நிலத்தடிக் குழாய்கள் வழியே வீடுகளுக்கு அனுப்பினால், அதே எரிபொருளில் நூற்றுக்கு 85 முதல் 90 வீதம் வரை பயன் தருகின்றது. டேனிய மொழியில் இதனைப் 'பியேர்ன்வார்ம', அதாவது தொலைவெப்பம் என்பர்.

கோப்பன்ஹேகன் நகராற் சூழப்பட்ட பிரெடெரிக்ஸ்பெர்க் நகரசபை, குப்பை கொட்ட நிலமின்றித் தவித்தது. 1903இல் அது குப்பை எரிக்கும் நிலையமொன்றை நிறுவி, அதன் வெப்பத்தை அயலிலிருந்த மருத்துவமனைக்கு வழங்கியது. குப்பை அகற்றலும் மின்சாரமும் வெப்பமும் அந்நாட்டில் ஒன்றிணைந்த தொடக்கம் அதுவே. ஆயினும் நாடு முழுவதையும் விழிக்கச் செய்தது 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியாகும். தன் சக்தித் தேவையில் நூற்றுக்குத் தொண்ணூறு வீதமளவுக்கு இறக்குமதி எண்ணெயை நம்பியிருந்த டென்மார்க், ஞாயிற்றுக்கிழமைகளிற் கார் ஓட்டுவதையே தடைசெய்ய நேர்ந்தது. 1979இல் வெப்ப வழங்கற் சட்டம் பிறந்தது. இன்று ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வீடுகள் தொலைவெப்பத்தால் சூடேறுகின்றன.

குறையில்லாத முறையன்று இது. கோப்பன்ஹேகனில் 2017இல் இயங்கத் தொடங்கிய அமாகர் பக்க நிலையத்தின் கூரையிற் பனிச்சறுக்கு விளையாடலாம். ஆனால் அதன் வயிற்றை நிரப்ப வெளிநாட்டுக் குப்பையையும் தருவிக்க வேண்டியதாயிற்று! நாட்டின் எரிப்புத் திறனில் 30 வீதத்தைக் குறைப்பதென 2020இல் அரசியற் கட்சிகள் உடன்பட்டன.

இனி, அந்த மேலதிகக் கட்டணம். வீட்டுக்குள் வரும் நீர் சுமார் 30 பாகையேனும் குளிர்ந்து திரும்புதல் நன்று. சூடாகவே திரும்பினால், அதே வெப்பத்தைத் தர அதிக நீரை இறைக்க வேண்டும். வழியிலும் வெப்பம் வீணாகும். நிலையத்தின் திறனும் குன்றும். அதனாற் பல நிறுவனங்கள் நீரைக் குளிரவைக்காத வீடுகளிடம் கூடுதலாக அறவிடுகின்றன. ஒரே ஹீற்றரை முழுமையாகத் திறக்கும்போது நீர் குளிர நேரமின்றி விரைந்தோடிவிடுகின்றது. எல்லா ஹீற்றர்களையும் சிறிதளவு திறந்து வைப்பதே சிக்கனம். மேற்பகுதி சூடாகவும் அடிப்பகுதி ஆறியும் இருந்தால் சரியாக இயங்குகின்றதெனக் கொள்ளலாம். பூட்டினால் மிச்சம் என்ற நமது பழக்கம் இங்கே செல்லுபடியாகாது.

மற்றொன்றையும் நம்மவர் கவனிப்பதில்லை. வெப்ப நிறுவனங்கள் இலாபம் ஈட்டுவதைச் சட்டம் அனுமதிப்பதில்லை. அவற்றிற் பல, பாவனையாளர்களுக்கே சொந்தமான கூட்டுறவுகள். அத்தகைய இடத்தில் வீட்டை வாங்கி இணைப்புப் பெற்றவருக்கு ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வாக்குண்டு. கணக்கைக் காட்டும்படி கேட்கலாம், நிர்வாகசபைக்கும் போட்டியிடலாம். அதற்கான அழைப்பு டேனிய மொழியில் வருவதனாற் பிரிக்கப்படாமலே குப்பைக்குப் போய்விடுகின்றது.